ஊசியக்காவின் பேரில் ஏழு குற்றங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பதினோரு வருடமாக அங்கே ரத்தம் எடுக்கிற வேலை. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பே கிடைக்கவில்லை என்று கைவிட்ட ஆட்களெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வருவார்கள். "கண்ண மூடிக்கிட்டு பத்து வரைக்கும் எண்ணுங்க" என்பாள். ஆறு எண்ணுவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காலை ஆறரை மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை நின்றபடியே வேலை. நாற்பத்து நான்காவது வயதில் கெண்டைக்கால் நரம்புகள் நீலநீலமாகப் புடைத்துக்கொண்டன. மாலையில் செருப்பைக் கழற்றினால் பாதம் அதன் அச்சிலேயே வீங்கியிருக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விட்டுடுங்கம்மா" என்றார், ஏதோ வெற்றிலை பாக்கை விடச் சொல்கிற மாதிரி. அந்தச் சமயத்தில்தான் பரிசோதனைக் கூடத்தில் ஒரு புதிய வேலை விழுந்தது. ஊரைச் சுற்றி ஐந்து கிளினிக்குகள். தினம் இரண்டு தடவை போய் ரத்த மாதிரிக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு வர ஒரு சின்னக் கார். அதை ஓட்ட ஒரு ஆள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. சம்பளமும் ஒரு பிடி அதிகம்.

ஊசியக்காவிடம் பதினாறு வருடப் பழைய லைசென்ஸ் இருந்தது. ஓட்டக் கிடைக்கிற சந்தர்ப்பம்தான் குறைவு. கிடைத்தபோதெல்லாம், மடியில் பச்சைக் குழந்தை இருப்பதுபோல ஓட்டுவாள். எங்கேயும் இடித்ததில்லை, யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. அவள் விண்ணப்பம் போட்டதும் மேலாளர், "ரத்தத்தைப் பத்தியும் தெரியும், ரோட்டைப் பத்தியும் தெரியும். வேற யாரைத் தேடறது?" என்று கையோடு சரியென்று சொல்லிவிட்டார். அலுவலகப் பொறுப்பாளர் அவள் லைசென்ஸ் எண்ணை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான் பாக்கி. வெறும் சடங்கு என்றார்.

அவளுடைய கணவனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவனுக்குப் பைலட் என்று பட்டப்பெயர். அவன் மேற்பார்வையாளனாக இருக்கிற டைல்ஸ் கடையில், அவன் கார் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து யாரோ கிண்டலாக வைத்த பெயர். கிண்டலைக் கிண்டல் என்று தெரிந்துகொள்கிற நுட்பமெல்லாம் அவனுக்குக் கிடையாது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பின் கண்ணாடியில் விமானப் படம் ஒன்றை வாங்கி ஒட்டிவைத்தான். அதையும் கோணலாகத்தான் ஒட்டினான். பார்க்கிறவர்களுக்கு விமானம் தரையில் குத்திக்கொண்டு விழுகிற மாதிரி இருக்கும்.

முன்னால் ஒரு வண்டி போகிறது என்றால் அது அவனுக்குச் சொந்த அவமானம். அதை முந்தினால்தான் அடுத்த மூச்சு விடுவான். முந்திய பிறகு போக இடம் இருக்காது. அடுத்த சிக்னலில் அதே வண்டியின் பக்கத்தில் நின்று, ஜன்னல் வழியாக அந்த ஆளை ஒரு பார்வை பார்ப்பான். மஞ்சள் விளக்கைக் கண்டால் மற்றவர்களுக்குக் கால் பிரேக்குக்குப் போகும், இவனுக்கு ஆக்ஸிலேட்டருக்குப் போகும். இண்டிகேட்டர் போடுவது கோழைகளின் பழக்கம் என்பது அவன் கட்சி. "நான் எந்தப் பக்கம் திரும்பறேன்னு ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்?" என்று நிஜமாகவே கேட்பான். முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாழைப்பழம் உரிப்பான். ஒரே மகள், வண்டி கற்றுக்கொள்ள வேண்டிய வயது வந்தபோது, "அப்பாகிட்டயா? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்" என்று சொல்லிப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்தாள். இப்போது வெளியூரில் படிக்கிறாள். ஊருக்கு வந்தால் ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாள்.

முதல் கார் அவன் பேரில் இருந்தது. இரண்டு முறை போலீஸ்காரர் கையில் நேராக மாட்டினான். மூன்று முறை முன்னால் போனவர்களின் பின்புறத்தில் கொண்டுபோய்ச் செருகினான். இடித்தது எல்லாமே எதிராளியின் தப்பு. அவர்கள் எதற்குத் திடீரென்று பிரேக் பிடித்தார்கள்? அந்தக் காரை விற்றுவிட்டு இப்போதைய காரை வாங்கியபோது, ஒருநாள் சாயங்காலம் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, "வண்டி உன் பேர்ல. சந்தோஷமா?" என்றான். அவள் பாதிப் பணம் தன் சேமிப்பிலிருந்து போட்டிருந்தாள். அப்படியும் கண் கலங்கியது. மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தோம் என்று அந்தக் கேக்கை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அவளுக்கு வாய் கசக்கும்.

கார் அவள் பேரில் என்றாலும் சாவி அவன் பாக்கெட்டில்தான். அவள் பஸ்ஸில் வேலைக்குப் போவாள். வருடா வருடம் இன்சூரன்ஸ் கடிதம் வரும். அதை அவனே பிரித்துப் படித்துவிட்டு, "மறுபடியும் ஏத்திட்டானுங்க. எல்லாருக்கும்தான் ஏத்தறானுங்க. பெட்ரோல் ஏறுது, பால் ஏறுது, இது மட்டும் சும்மா இருக்குமா?" என்பான். அவளும் நம்பினாள். மூன்றாவது வருடம் கட்டணம் ஒன்றுக்கு ஒன்றரையாக ஏறியபோது, வீட்டுக்கு வந்திருந்த கடை நண்பர்களிடம் சொன்னான்: "வண்டி பொம்பள பேர்ல இருக்குல்ல, அதான். பொம்பளைங்க எப்படி ஓட்டுவாங்கன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா என்ன?" எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்த அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பொறுப்பாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை. அவளைவிடப் பத்து வயது இளையவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பவர். "கதவச் சாத்திட்டு உக்காருங்கக்கா" என்றார்.

"என்ன தம்பி, எதாவது கையெழுத்து விட்டுப்போச்சா?"

"அதில்லக்கா. ஏழு இருக்கு. மூணு வருஷத்துல ஏழு."

"ஏழு என்னது?"

"டிக்கெட்டு."

"என்ன டிக்கெட்டு? சினிமா டிக்கெட்டா?"

அவர் காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். அளவுக்கு மீறிய வேகம், மூன்று. சிவப்பு விளக்கை மீறியது, இரண்டு. ஓட்டும்போது செல்போன், ஒன்று. ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போனது, ஒன்று. எல்லாம் சாலைக் கேமராவில் பிடிபட்டவை. ஓட்டியவர் என்ற கட்டத்தில் ஏழு வரியிலும் அவள் பெயர்.

"பாத்தா எவ்வளவு சாதுவா இருக்கீங்க!" என்றார் பொறுப்பாளர். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "தப்பா நெனக்காதீங்க. இவ்வளவு இருந்தா நம்ம வண்டிக்கு உங்கள டிரைவரா சேத்துக்க அவங்க சம்மதிக்க மாட்டாங்க. சம்மதிச்சாலும், கேக்கிற காசுல ரெண்டு வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டிடலாம். ஒரு சிவப்பு விளக்குன்னா மூணு வருஷத்துக்கு அது கூடவே வரும்க்கா. ஏழுன்னா, அவங்க கணக்குல நீங்க எப்ப வேணா யாரையாவது இடிக்கப்போற ஆளு."

அவள் தேதிகளைப் பார்த்தாள். செல்போன் குற்றத்துக்கு எதிரே செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது என்று இருந்தது.

"செவ்வாய்க்கிழம பத்து நாப்பதுக்கு நான் இந்தக் கட்டடத்துல, கீழ் மாடியில, யாரோ ஒருத்தர் கையப் புடிச்சிட்டு நின்னுட்டிருந்தேன் தம்பி. வருகைப் பதிவேடு உங்ககிட்டதான இருக்கு?"

பொறுப்பாளரின் சிரிப்பு இறங்கிவிட்டது. "அப்ப வண்டிய ஓட்டினது யாருக்கா?" என்று கேட்டவர், பதிலை எதிர்பார்க்காமல் மேசையில் பேனாக்களை அடுக்க ஆரம்பித்தார். கல்யாணமான எந்தப் பெண்ணிடமும் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்பது அவருக்கே புரிந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது பைலட் சோபாவில் சாய்ந்து, டீப்பாய் மேல் காலைப் போட்டு, டிவியில் கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நடுநடுவே யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

"என் பேர்ல ஏழு டிக்கெட் இருக்கு" என்றாள்.

"ஓ, அதுவா?" என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவன் எத்தனையோ அளந்து விட்டிருக்கிறான். அவற்றையெல்லாம்விட இந்த 'ஓ, அதுவா' அவளைச் சுருக்கென்று தைத்தது. மறுப்பான், பதறுவான், கேமரா ரிப்பேர் என்பான், இப்படி எதையாவது எதிர்பார்த்துத்தான் பஸ்ஸில் வந்திருந்தாள். பொய் சொல்கிற சிரமத்தைக்கூட அவளுக்காக அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்படி வந்துச்சு?"

"கேமராவுக்கு ஆளத் தெரியாதுடி, நம்பர் பிளேட்தான் தெரியும். பிளேட் உன் பேர்ல இருக்கு. யார் ஓட்டினாங்கன்னு கேட்டு என் போனுக்கு லெட்டர் வரும். நான் பதில் அனுப்புவேன். அபராதத்த நான்தான கட்டினேன்? உன்கிட்ட ஒரு பைசா கேட்டேனா?"

"என்ன பதில் அனுப்புவீங்க?"

"உன் பேரு."

"ஏன்?"

"என் லைசென்ஸ்ல இடமில்ல" என்றான் பைலட், பஸ்ஸில் இடமில்லை என்கிற தொனியில். "பழைய வண்டிக்கே அவனுங்க என்ன கேட்டானுங்கன்னு உனக்குத் தெரியாது. பதிவு சுத்தமா இருக்கிறவங்க பேர்ல எடுத்தா பாதிதான் சார்னு அந்த இன்சூரன்ஸ் பொண்ணுதான் ஐடியா குடுத்துச்சு."

ஆக, கேக் வாங்கிக் கொடுத்ததெல்லாம் இதற்காகத்தான்.

"அந்தச் சுத்தத்தையும் ஏழு தடவ அழுக்காக்கியாச்சு" என்றாள் அவள். "எனக்கு வந்த வேலை போச்சு."

"என்ன வேலை?"

"டிரைவர் வேலை. போன வாரம் பூரா சொல்லிட்டிருந்தேன்."

"சொன்னியா?" அவன் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் உண்மையான ஆச்சரியம். "டிரைவர் வேலையா? நீயா? அதெல்லாம் உனக்கு எதுக்கு? சரி விடு, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், பேசறேன்."

அவனுக்கு எல்லா ஆபீசிலும் தெரிந்தவன் ஒருத்தன் இருப்பான். அந்தத் தெரிந்தவன் இதுவரை ஒரு தடவைகூடப் போனை எடுத்ததில்லை. சோபாவில் கிடந்த அந்த உருவத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். வயிற்றின் மேல் ரிமோட். பனியனில் வாழைப்பழக் கறை. இந்த ஆளோடு சண்டை போடுவதற்குக்கூட இவனைக் கொஞ்சம் மதிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. உள்ளே போய், கதவில் மாட்டியிருந்த அவன் கால்சட்டையிலிருந்து பர்ஸை எடுத்து, அவனுடைய லைசென்ஸை இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வைத்தாள்.

சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்குப் போனாள். அபராதக் கவுன்ட்டரில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி ஒரு தலைமைக் காவலர் உட்கார்ந்திருந்தார். தினம் நூறு பேர் வந்து 'நான் ஓட்டவே இல்லை' என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர். அவள் சொன்னதையும் அதே முகத்தோடு கேட்டார்.

"படம் இருக்கா சார்? கேமரா எடுத்த படம்?"

"இருக்கும்மா. பாக்கணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. பாத்தா வெக்கக்கேடுன்னு கட்டிட்டுப் போயிடுவாங்க." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

முதல் படத்தில் பைலட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாயை ஆவென்று திறந்திருந்தான், பாடிக்கொண்டிருந்தான் போல. இரண்டாவதில் காதில் போன், மறு கையில் பாதி உரித்த வாழைப்பழம், ஸ்டியரிங்கில் கையே இல்லை. ஒருவழிப் பாதைப் படத்தில், சரியான திசையில் எதிரே வருகிற ஆளைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தான்.

"இவரு பேரு உங்க பேரா?" என்றார் காவலர்.

நாலாவது படம் வந்தபோது அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டார். சிவப்பு விளக்கு. பைலட் முன்னால் குனிந்து ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் ஒரு பெண், இரண்டு கண்களையும் இறுக மூடி, ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு.

"இது யாரு?"

"நான்தான்."

"தூங்கறீங்களா?"

"இல்ல சார். சாமி கும்பிட்டுட்டு இருக்கேன்."

காவலருக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அந்தப் படத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. மகளின் கல்லூரியிலிருந்து திரும்பிய நாள் அது. விளக்கைத் தாண்டிய பிறகு கண்ணைத் திறந்து, "சிவப்பா?" என்று கேட்டிருந்தாள். "மஞ்சள்" என்றான். "ஓ" என்று திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்குக் கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். தான் இருக்கிற லட்சணத்தைத் தானே பார்க்க ஒரு கேமரா வேண்டியிருக்கிறது. திரையில் இருந்த இரண்டு பேரில் யாரை அதிகம் கேவலமாக நினைப்பது என்று ஒரு நிமிடம் அவளுக்குத் தீர்மானமாகவில்லை. பிறகு தீர்மானமானது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தவளாவது யாரையும் இடிக்கவில்லை.

காவலர் இன்னொரு காகிதத்தைத் திரையில் கொண்டுவந்தார். ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொள்ளும் படிவம். கீழே அவள் பேரில் ஒரு கையெழுத்து.

"இது நீங்க போட்டதா?"

அவள் கையெழுத்து அடக்கமாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருக்கும். திரையில் இருந்தது பெரிய சுழியோடு தொடங்கி, காகிதத்தின் ஓரம்வரை ஒரு கோடு இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து முடிந்திருந்தது. அச்சு அசல் பைலட்டின் கையெழுத்து, எழுத்துகள் மட்டும் அவளுடையவை. கள்ளக் கையெழுத்தைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத ஒருவனிடம் ஏழு தடவை ஏமாந்திருக்கிறோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"ஏழையும் மாத்திடலாம்மா. பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிற ஆளே வந்து சாட்சி சொல்றீங்க, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் காவலர். "கையெழுத்துக்குத் தனியா புகார் குடுக்கலாம். அது பெரிய கேஸு. குடுக்கறீங்களா?"

"குடுத்தா என்ன ஆகும்?"

"அவரக் கூப்பிட்டு விசாரிப்போம். நீங்களும் நாலஞ்சு தடவ வர வேண்டியிருக்கும்."

அவள் யோசித்தாள். இரக்கம் ஒரு துளி இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. "அந்த ஆளுக்காக இன்னும் நாலு நாள் லீவு போட முடியாது சார்" என்றாள். பிறகு படிவத்தில், ஓட்டியவர் என்ற கட்டத்தில், தன் கணவனின் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் ஏழு தடவை எழுதினாள். ஒவ்வொன்றையும் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்துப் பைலட்டுக்குக் கடிதம் வந்தது. பழைய இரண்டு, இந்த ஏழு, மொத்தம் ஒன்பது. லைசென்ஸ் எட்டு மாதத்துக்கு முடக்கம். நாலு சனிக்கிழமை சாலைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். படித்ததும் முகத்தில் ஈயாடவில்லை. தெரிந்தவனுக்குப் போன் போட்டான்; தெரிந்தவன் வழக்கம்போல எடுக்கவில்லை.

"கட்டின புருஷன இப்படிப் போட்டுக் குடுத்திருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"நான் ஒண்ணும் போட்டுக் குடுக்கலங்க. உங்களோடத உங்ககிட்டயே சேத்துட்டேன்" என்றாள் அவள். சாவிக்காகக் கையை நீட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நின்றான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் வண்டியையே பறித்துவிடுவார்கள் என்று கடிதத்தின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் அவள் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "இப்ப உங்க பதிவுல ஒண்ணுமே இல்ல மேடம்! அடுத்த வருஷம் பாதிக்கும் கீழ வந்துடும்" என்று சந்தோஷப்பட்டாள். "மூணு வருஷமா கூடுதலா கட்டினது மட்டும் திரும்பாது. அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. வண்டிய வேற யாராவது ஓட்டுவாங்களா? உங்க சார் பேரச் சேக்கணுமா?"

"சேத்தா எவ்வளவு?"

அந்தப் பெண் எண்களைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். ஏதோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணாம் மேடம்" என்றாள்.

பரிசோதனைக் கூடத்தின் டிரைவர் வேலைக்கு அதற்குள் வேறொரு ஆளைப் போட்டுவிட்டிருந்தார்கள். ஊசியக்கா மறுபடி நின்றுகொண்டே வேலை பார்த்தாள். ஏழாவது வாரம் பொறுப்பாளர் படியிறங்கி அவள் மேசைக்கே வந்தார். "அந்த ஆளு ஐஸ் பெட்டிய வெயில்ல வச்சிட்டு எங்கயோ போயிட்டாருக்கா. இருபத்தெட்டு பேரோட ரத்தம் வீணாப்போச்சு. உங்களுக்கு இன்னும் அந்த வேலை வேணுமா?" அவளுக்கு அந்த இருபத்தெட்டு பேரின் கைகள்தான் முதலில் கண்முன் வந்தன, அத்தனை பேரும் இன்னொரு தடவை ஊசி குத்திக்கொள்ள வேண்டும். "இன்னைக்கே சாவியக் குடுங்க" என்றாள். இந்தத் தடவை இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து இரண்டே மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

பைலட் சாலைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் வந்தான். நாலாவது சனிக்கிழமை ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாமா என்று கேட்டான். நகைச்சுவைக்குக் கேட்கவில்லை. "வகுப்பு எடுத்தவனுக்கே நான் ரெண்டு மூணு விஷயம் சொல்லிக்குடுக்க வேண்டியிருந்துச்சு" என்று வேறு சொல்லிக்கொண்டான். கடையில், டிராஃபிக் தாங்க முடியாததால் தானே வண்டியை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தான். இந்த ஊரில் மனுஷன் ஓட்டுவானா என்றானாம். நண்பர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவனுக்குத்தான் அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியாது.

எட்டு மாதம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. "கொள்ளைக்காரனுங்க! என் பேரச் சேக்கறதுக்கு இன்னொரு காரே வாங்கலாம் போல!" என்று செருப்பை உதறினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் ஹாலில் நடந்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைக் குழைத்தான்.

"இங்க பாரு, ஒண்ணு பண்ணலாம். பேரெல்லாம் சேக்க வேணாம். நான் பாட்டுக்கு ஓட்டிக்கறேன். எதாவது ஆச்சுன்னா நீ ஓட்டினேன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே, பரிசோதனைக் கூடத்தில் ஸ்கேன் எடுக்கிற பெண்ணுக்குக் காரை விற்றுவிட்டாள். விமானப் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தாள். பாவம், அந்தப் பெண் சின்னக் குழந்தையை வைத்து ஓட்டுகிறவள்.

இப்போது பைலட் பஸ்ஸில் கடைக்குப் போகிறான். டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கைதான் அவனுக்கு வேண்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு, "அடுத்த லேன்ல பூந்துடுங்க... இப்ப போலாம்... போலாம்... அய்யோ, விட்டுட்டீங்களே!" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவானாம். ஒருநாள் அந்த டிரைவர் நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ்ஸை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டு, "இறங்கி நடங்க சார், எனக்கு முன்னாடி போயிடலாம்" என்றாராம். பஸ் முழுக்கக் கை தட்டியதாம். இதை வீட்டில் வந்து சொன்னதும் அவன்தான், பொதுமக்களிடம் எப்படிப் பேசுவது என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையா என்ற நியாயமான கோபத்தோடு.

ஊசியக்கா மறுநாள் உடுத்த வேண்டிய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த நம்பர் பஸ்?" என்று கேட்டாள்.

"எதுக்கு? புகார் குடுக்கப் போறியா?"

"வழியில பாத்தா அந்த டிரைவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்னுதான்" என்றாள்.